ஒழுகல் நின்றதே என்று நம்பிவிடாதீர்கள்: கார்புரேட்டர் ரிப்பேரில் நான் ஏமாந்த கதை

பழைய கார்புரேட்டர் பைக் வைத்திருப்பவர்கள், அதுவும் சமீபத்தில் பெட்ரோல் ஒழுகலைச் சரிசெய்து வாங்கியவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

என் வண்டியில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குக் கீழே தொங்கும் மெல்லிய ரப்பர் டியூபின் முனையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் டேப்பை ஆஃப் செய்ய மறந்த இரவுகளில் விடியும்போது தரை ஈரமாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மறுநாள் போனபோது, "கார்புரேட்டரைப் பிரிச்சு சர்வீஸ் பண்ணியாச்சு சார், கிட்டும் மாத்தியாச்சு" என்றார் மெக்கானிக். கிட் என்றால் நீடில், கேஸ்கெட் மாதிரியான தேயும் பாகங்களின் செட். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். தரை காய்ந்துதான் இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த சில நாட்களில் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. பின்னால் கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பி ஈரமாக இருந்தது. மைலேஜ் குறைந்ததையும் பார்த்துவிட்டு, பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைச் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எதற்கும் ஆயிலைப் பார்ப்போம் என்று டிப் ஸ்டிக்கை எடுத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. முகர்ந்தால் பெட்ரோல் நெடி. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர் போல ஓடியது.

உடனே அந்த ரப்பர் டியூபைப் பிடித்துக்கொண்டு மேலே தேடினேன். ஏர் பில்டருக்குப் பின்னால் மடித்துச் செருகி வைத்திருந்தார்கள். அதன் வாயில் ஒரு சின்ன போல்ட்டைத் திணித்து, மேலே கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒழுகலை நிறுத்திய லட்சணம் இதுதான்.

இது ஏன் இவ்வளவு ஆபத்து என்று சொல்கிறேன். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பும்போது ஃப்ளோட் என்ற மிதவை மேலே எழும்பி, ஊசி போன்ற நீடில் வால்வைத் தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். நீடில் முனையின் ரப்பர் தேய்ந்தாலோ, நீடில் வந்து உட்காரும் சீட்டில் தூசி சிக்கினாலோ, ஃப்ளோட் ஓட்டையாகி மிதக்காமல் போனாலோ வழி மூடாது. மிஞ்சும் பெட்ரோல் வெளியே போகத்தான் அந்த ரப்பர் டியூப், அதாவது ஓவர்ஃப்ளோ டியூப். அதை அடைத்துவிட்டால் பெட்ரோல், ஜெட் என்ற சின்னத் துளை வழியாக மேலேறி, இன்ஜினுக்குள் போகும் வழியான இன்டேக்கில் வழிந்து, சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் சிலிண்டரும் தேயும். பிஸ்டனுக்கு மேலே பெட்ரோல் தேங்கி நிற்கும்போது செல்ஃப் அடித்தால் இன்னும் மோசம். திரவம் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையலாம்.

கார்புரேட்டரை இறக்கினேன். கிண்ணத்தின் ஸ்க்ரூ தலைகளில் பழைய மண்ணும் கிரீஸும் இறுகிப்போய் அப்படியே இருந்தன. பிரித்ததாகச் சொன்னது முழுப் பொய். ஸ்க்ரூடிரைவர் பட்டிருந்தால் அந்தப் பள்ளம் சுத்தமாக இருந்திருக்கும். வண்டியை எடுக்கும் அன்றே இதைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும். உள்ளே நீடில் முனையைச் சுற்றி நகத்தால் கீறியது போல ஒரு வளையத் தடம். கேஸ்கெட் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகியிருந்தது.

திரும்பப் போய்க் கேட்டேன். "ஒழுகுறது நிக்கணும்னுதானே சொன்னீங்க, நின்னுடுச்சே" என்று பதில் வந்தது. அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. தெரியாமல் செய்த தவறென்றால் பொறுத்திருப்பேன். இது தெரிந்தே செய்தது.

அப்புறம் நானே உட்கார்ந்து செய்தேன். புது நீடில், புது கேஸ்கெட், சீட்டைத் துடைத்துச் சுத்தம் செய்தது, மேனுவலில் சொன்ன அளவுக்கு ஃப்ளோட் உயரம். ஜெட்டுக்குள் கம்பி விடவில்லை, துளை பெரிதாகிவிடும் என்பதால் கிளீனர் அடித்து ஊதியதோடு சரி. ஆயிலை மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினேன். டேப்பும் ஆஃபில் கசிந்துகொண்டிருந்தது, அதன் வாஷரையும் மாற்றினேன். கிண்ணத்தின் டிரெயினில் ஒரு கண்ணாடி டியூபை மாட்டி மேல்நோக்கிப் பிடித்து, உள்ளே பெட்ரோல் மட்டம் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மனம் அடங்கியது.

உங்கள் வண்டியில் ஒழுகல் சமீபத்தில் நின்றிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஓவர்ஃப்ளோ டியூபின் முனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். பெட்ரோல் நெடி வந்தால் கிக்கரில் கால் வைக்காதீர்கள். டேப்பை மூடிவிட்டு, முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்.