எக்செலில் சிக்கினால்: நாமே நோண்டுவதா, பக்கத்து சீட்டைக் கேட்பதா?

அலுவலகத்தில் எக்செலுக்குப் புதிதாக வந்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "நோண்டித்தான் கத்துக்கணும்" என்று ஒரே ஃபார்முலாவோடு சாயங்காலம் வரை மல்லுக்கட்டும். இன்னொன்று, செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் தலைகாட்டினாலே "அண்ணே, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே "அரை மணி நேரம் பாரு, வரலைன்னா கேளு" என்றொரு சமரசமும் புழக்கத்தில் இருக்கிறது. எக்செலைப் பொறுத்தவரை எனக்கு அந்தச் சமரசத்தில் நம்பிக்கை இல்லை. கடிகாரத்தை விட்டுவிட்டு, தவறு சத்தம் போடுகிறதா, அதாவது திரையில் பிழை என்று காட்டுகிறதா, இல்லையா என்று பார்க்க வேண்டும்.

சத்தம் போடும் தவறுகளில் நோண்டுகிற கட்சிக்கே என் ஓட்டு. ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி, அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் வி-லுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவைப் போட்டால் 'என்/ஏ' (#N/A, தேடியது கிடைக்கவில்லை) வருகிறது என்று வையுங்கள். பெரும்பாலும் ஒரு பட்டியலில் எண் எண்ணாகவும், இன்னொன்றில் அதே எண் எழுத்தாகவும் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதை நீங்களே ஒரு தடவை கண்டுபிடித்தால் மறக்காது. சீனியரைக் கூப்பிட்டால் அவர் ஒரு நிமிடத்தில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த மாதமும் அதே கேள்வியோடு நிற்பீர்கள்.

சத்தம் போடாத தவறுகளில் கதையே வேறு. அதே வி-லுக்கப்பின் அடைப்புக்குறிக்குள் நான்காவது இடத்தை நிரப்பாமல் விட்டால், எக்செல் தோராயமான பொருத்தத்தைத் தேடும். பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால், பார்வைக்குச் சரியான, ஆனால் தவறான விடை வந்து நிற்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணைச் சாதாரண செல்லில் ஒட்டினால், எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அப்புறம் அந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது.

பெரிய இடங்களும் இதற்குத் தப்பவில்லை. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் ஏற்றியது. அந்த வகைக் கோப்பு 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. மிஞ்சியவை உதிர்ந்துபோய், 15,841 தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் வரவில்லை. அங்கே இருந்தவர்கள் எக்செல் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த மாதிரி இடத்தில் தனியாக நோண்டுபவர் தோற்றுவிடுவார். திரையில் பிழையே இல்லாதபோது எதைத் தேடுவது? அரை மணி நேர விதியும் உதவாது, ஏனென்றால் அவர் சிக்கிக்கொண்டதாக அவருக்கே தெரியாது. ஆகவே சம்பளம், வங்கிக் கணக்கு, வரி என்று வெளியே போகிற எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. "இதுல எதெல்லாம் காலை வாரும்?" என்று கேட்டால் போதும்.

ஏஐ சாட்பாட்டை மூன்றாவது வழியாகச் சொல்கிறார்கள். ஃபார்முலா எழுத வேகமான துணைதான். ஆனால் உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று நீங்கள் காட்டாமல் அதற்குத் தெரியாது. ஊழியர்களின் சம்பளப் பட்டியலை அதில் கொண்டுபோய் ஒட்டவும் கூடாது.

பிரதி எடுத்து வைத்திருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் நோண்டலாம். பொதுவில் எல்லோரும் பயன்படுத்தும் மூலக் கோப்பில், அதுவும் மேக்ரோ (பல வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) இருக்கும் கோப்பில், வேண்டவே வேண்டாம். மேக்ரோ ஓடிவிட்டால் அதற்கு முந்தைய நிலையை கன்ட்ரோல் இசட் பொதுவாக மீட்டுத் தராது.

யாரைக் கேட்பது என்பதிலும் எனக்கு ஒரு சாய்வு உண்டு. எக்செல் புலி என்று பெயரெடுத்தவரைவிட, அந்தக் கோப்பை உருவாக்கியவரைத் தேடிப் போவேன். புலிக்கு ஃபார்முலா தெரியும். எட்டாவது நெடுவரிசையை இப்போது யாரும் நிரப்புவதில்லை, அதை நம்பிக் கூட்டக் கூடாது என்பது உருவாக்கியவருக்குத்தான் தெரியும்.