மேக்ஸ் ரோச்சா, எல்வின் ஜோன்ஸா: முதலில் யாரைக் கேட்பது?

வியாசர்பாடியில் என்னிடம் டிரம்ஸ் கற்க வரும் பிள்ளைகளில் பலர் சட்டி மேளம் அடித்த கையோடு வருகிறவர்கள். அமெரிக்க இசையான ஜாஸ் பக்கம் திரும்பியதும், அதன் பெரிய டிரம்ஸ் கலைஞர்களான மேக்ஸ் ரோச், எல்வின் ஜோன்ஸ் இருவரில் முதலில் யாரைக் கேட்பது என்று கேட்பார்கள்.

ரோச் (1924–2007) டிரம்ஸில் பாட்டே பாடுவார். ஒரு சொற்கட்டை அடிப்பார், மூச்சு விடுவார், அதற்குத் தானே பதிலும் சொல்வார். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுவதால் எழுதிவைத்துப் பழகலாம். தனி வாசிப்புக்கு அவரைவிடச் சிறந்த ஆசான் இல்லை.

ஜோன்ஸ் (1927–2004) சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் வாசித்தவர். அவரிடம் இரு கைகளும் இரு கால்களும் ஒரே அலையாகப் புரளும். தாளத்தின் தொடக்கத்தை அவர் அழுத்திக் காட்டுவதில்லை. நாம்தான் உள்ளே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அலைக்கு அடியில் ஓடுவது மூன்று மூன்றாகப் பிரியும் துடிப்பு, நம் திஸ்ரம்தான்.

போன வாரம் ஒரு மாணவன், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறதென்று, ஸ்னேர் என்ற சிறிய டிரம் மீது துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். திஸ்ரத்தின் ‘தகிட’வில் த, ட இரண்டும் வலது கையால் சிம்பல் என்ற உலோகத் தட்டில், நடுவில் வரும் ‘கி’ மட்டும் இடது கையால் ஸ்னேரில். இருபது நிமிடம் தடுமாறினான். பிறகு தோள் தளர்ந்தது, ‘கி’ தானாக வந்து உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஜோன்ஸையே முதலில் கொடுக்கிறேன். ஆறு மாதம் கழித்து, அடிகள் குழம்பத் தொடங்கும்போது, ரோச்.