இஸ்திரி வண்டிக்கு மைனஸ் இரண்டு: வீதி வடிவமைப்புப் பயிற்சி, முடித்துச் சில வருடம் கழித்து

நான் சில வருடம் முன்னால் முடித்த வீதி வடிவமைப்புப் பயிற்சியின் கட்டணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். கோவையில் ஒரு கன்சல்டன்சியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் விளம்பரத்தை அனுப்பி, "நீங்க முடிச்சதுதானுங்களே, சேரலாமுங்களாண்ணா?" என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எத்தனை வாரம், யார் வகுப்பு எடுக்கிறார்கள், சான்றிதழ் உண்டா என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. படித்ததை வேலையில் போட்டுப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சிவில் படித்து வந்தவர்களுக்குத் தெரு என்றால் பி.சி.யு. கணக்குதான், அதாவது ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 106, 1990-இல் வந்தது. நகரச் சாலைக் கொள்ளளவுக்கு இன்றும் பல அலுவலகங்களில் அதுதான் கைக்கு வரும். காருக்கு 1. பேருந்துக்கு 2.2 முதல் 3.7. கைவண்டிக்கு 2 முதல் 3. அதாவது ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வரும் மாநகரப் பேருந்தும், ஒருவர் தள்ளிக்கொண்டு வரும் வண்டியும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. தப்பு என்று சொல்லவில்லை. அந்த எண் ஆட்களை அளக்க வந்ததல்ல. ஒரு வண்டி மற்ற வண்டிகளின் ஓட்டத்தை எவ்வளவு கெடுக்கிறது என்பதை அளக்க வந்தது. ஆனால் அதையே வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தால், தெருவில் நகராமல் இருக்கிற எல்லாமே நமக்கு இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

பயிற்சி முதல் நாளே இதில் கை வைக்கிறது. லண்டனில் பேராசிரியர் பீட்டர் ஜோன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட முறைதான் அடிப்படை. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு மதிப்பு போட வேண்டும். கடந்து போவதற்கு அது எவ்வளவு முக்கியம் என்பது ஒன்று, வந்து இருப்பதற்கு எவ்வளவு முக்கியம் என்பது இன்னொன்று. முதலாவதில் நேரம் மிச்சமாக வேண்டும், இரண்டாவதில் ஆட்கள் நேரம் செலவழிக்க வேண்டும். 2013-இல் லண்டன் மாநகரம் இதையே மூன்றுக்கு மூன்று கட்டமாக்கித் தன் தெருக்களை ஒன்பது வகையாகப் பிரித்துக்கொண்டது. நம் ஊரில் போட்டுப் பார்ப்பதும் எளிது. தி.நகர் ரங்கநாதன் தெரு வண்டிகள் கடந்து போவதற்கான தெருவே இல்லை, ஆனாலும் ஊரே அங்கேதான் இருக்கும். பக்கத்து உஸ்மான் சாலையில் இரண்டு மதிப்புமே உச்சம். அங்கேதான் தலைவலி. அங்கே மேம்பாலம் கட்டியது முதல் மதிப்புக்கான பதில் மட்டும்தான் என்பது இந்தக் கட்டத்தில் வைத்துப் பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

இதெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். படித்து வராதது களப்பயிற்சி. போக்குவரத்து எண்ணிக்கை எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும்: முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடக்கிற வண்டிக்கெல்லாம் கோடு கிழிப்போம். இங்கே அதற்கு நேர் எதிர். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடக்க வேண்டும். நகர்கிறவர்களை விட்டுவிட வேண்டும். நிற்கிறவர், உட்கார்ந்திருப்பவர், விற்பவர், காத்திருப்பவர், விளையாடுகிற பிள்ளை என்று ஒவ்வொருவரையும் அவர் இருக்கிற இடத்திலேயே வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். ஆணா பெண்ணா, உத்தேச வயது, என்ன செய்கிறார். சில மணி நேரம் கழித்து அதே நடை மறுபடியும். கோபன்ஹேகனில் கட்டடக் கலைஞர் யான் கேலும் அவருடைய ஆட்களும் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் முறை இது.

எங்கள் குழுவுக்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு தெரு கிடைத்தது. அதில் ஒரு புங்கமரம், மரத்தடியில் இஸ்திரி வண்டி. காலை நடையில் வண்டியைச் சுற்றி நாலைந்து புள்ளி. பள்ளி வேனுக்குப் பிள்ளையோடு நிற்கும் அம்மா அங்கேதான் நிற்கிறார், ஏனென்றால் நிழல் அங்கேதான். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா வண்டியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு எதிர் அபார்ட்மென்டுக்குள் போகிறார். கூரியர் பையன் பார்சலை அங்கேயே கொடுத்துவிட்டுப் போகிறான். மத்தியான நடையில் தெருவே காலி. அப்போதும் வண்டிக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அதே டப்பாவில் வேறொருவர். தெருவில் ஆள் இருப்பதற்கான காரணங்களில் பெரும்பங்கு அந்த வண்டியைச் சுற்றியே இருந்தது. படத்தை விரித்துப் பார்த்தபோது புள்ளிகள் அங்கே மட்டும் அப்பிக்கொண்டிருந்தன. மாநகராட்சி போட்ட ஸ்டீல் பெஞ்சில் ஒரு புள்ளிகூட இல்லை. அது வெயிலில் இருந்தது, வேறென்ன.

1969-இல் நகர வடிவமைப்புப் பேராசிரியர் டொனால்ட் ஆப்பில்யார்ட் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒரு நாளைக்குச் சுமார் 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள். சுமார் 16,000 வண்டி போகும் தெருவில் ஒருவர்கூட முழுசாகத் தேறவில்லை, 0.9. இந்த ஒப்பீட்டின் படத்தை வகுப்பில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவார்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்கு அது உறைத்தது மாம்பலத்துப் புங்கமரத்தடியில்தான். இன்றைக்கும் புதுத் தெரு ஒன்றுக்குப் போனால் கண் முதலில் நிற்கிறவர்களைத் தேடுகிறது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே கொடுத்த காசு தகும்.

இப்போது தலைப்பில் சொன்ன மைனஸ் இரண்டுக்கு வருகிறேன்.

பயிற்சியோடு, தெருவுக்கு மதிப்பெண் போட ஒரு எக்செல் தாள் தருவார்கள். வேலையில் கடைசிவரை கூட வருவது அதுதான். பாடம் மறந்துபோகலாம், வீடியோக்களின் அனுமதிக் காலம் முடிந்துவிடும், ஆனால் தாள் மட்டும் எல்லா ப்ராஜெக்டிலும் வந்து உட்காரும், ஏனென்றால் கிளையன்ட் அதைத்தான் கேட்கிறார். தெருவில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்தவுடன் மதிப்பெண் தானாக விழும். உட்காரும் வசதி என்ற தலைப்பில் பெஞ்ச் இருக்கிறது, கஃபே இருக்கை இருக்கிறது, பூந்தொட்டித் திட்டு இருக்கிறது. டீக்கடை வாசல் கிடையாது, கோவில் படி கிடையாது, திண்ணை கிடையாது. இஸ்திரி வண்டி இருக்கிறது, ஆனால் அங்கே இல்லை. கீழே, நடைபாதைத் தடைகள் என்ற தலைப்பில், மின்வாரியப் பில்லர் பாக்ஸுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில். எடுத்தால் மைனஸ் இரண்டு. வெயிலில் காயும் ஸ்டீல் பெஞ்சுக்கு ப்ளஸ் மூன்று.

பட்டியலில் ஒரு வரி சேர்க்க முடியாது. தாளுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். 'இதர' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் என்ன எழுதினாலும் மதிப்பெண் பூஜ்யம். நடத்துகிறவர்களுக்கு மெயில் போட்டேன். மரியாதையான பதில் வந்தது, அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாக. அடுத்த பதிப்பும் வந்தது. புது பதிப்பில் எழுத்துரு அழகாக இருந்தது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. நடப்பவர்களுக்கான வழிகாட்டி ஐ.ஆர்.சி. 103 சொல்கிற 1.8 மீட்டர் அகலம் எந்தத் தடையும் இல்லாமல் நடப்பதற்கு விடப்பட்டே ஆக வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவரிடம் போய் இஸ்திரி வண்டியின் சமூகப் பயனைப் பற்றிப் பிரசங்கம் பண்ண முடியாது. வண்டி நடைவழியில் நின்றால் அது தடைதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் மரங்கள் நிற்கும் வரிசையிலேயே, இரண்டு மரத்துக்கு நடுவில் நின்றால்? நடைவழி முழுசாக இருக்கிறது. இதை வகுப்பில் எங்களுக்குச் சொன்னதும் அவர்கள்தான். கட்டடத்தை ஒட்டிய பகுதி, நடைவழி, அப்புறம் மரமும் விளக்குக்கம்பமும் கடையும் நிற்கிற பகுதி என்று நடைபாதையை மூன்றாகப் பிரித்து வரையச் சொல்லிக்கொடுத்தார்கள், பிரமாதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தாள் மட்டும் வண்டி எந்தப் பகுதியில் நிற்கிறது என்று கேட்பதே இல்லை. ஒரே ஒரு கேள்வி கூடுதலாக வைத்தால் போதும்: மீதி எவ்வளவு மீட்டர்?

நேரத்தைப் பற்றியும் அது கேட்பதில்லை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு நவராத்திரிக்கு முன்னால் போனால், கொலு பொம்மை வாங்க வந்த கூட்டத்தில் தெருவின் வேலையே மாறியிருக்கும். அறுபத்துமூவர் விழா அன்றைக்கு நாலு மாட வீதியிலும் வண்டிக்கு இடமே இல்லை. வருடத்தில் சில நாள், நாளில் சில மணி என்று மதிப்பு ஏறி இறங்குகிற தெருக்கள் நம்முடையவை. தாளில் இருப்பது வேலைநாள் உச்ச நேரம், ஒரே ஒரு நெடுவரிசை.

இவ்வளவு நாளும் இதை எரிச்சலாகத்தான் வைத்திருந்தேன். போன மாதம் கோபமாகிவிட்டது. ஒரு சிறு நகரத்தில் கடைவீதி ஒன்றுக்கு மதிப்பீடு கொடுத்தோம். அறிக்கையில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன், யார் எங்கே ஏன் நிற்கிறார்கள் என்று, புள்ளி வைத்த படங்களோடு. அங்கே உள்ள பொறியாளர் கடைசிப் பக்கத்துத் தாளை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டார். மதிப்பெண் குறைவு, காரணம் தடைகள், ஆகவே தடைகளை அகற்ற எஸ்டிமேட் போடு. பூக்காரம்மா, செருப்புத் தைப்பவர், இளநீர் வண்டி எல்லாம் அதில் வரிசையாக. 2014-ஆம் வருடச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு, விற்பனைக் குழு, அந்தக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே என்று நான் பேசப் பேச, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்க ஷீட்லதானே மைனஸ் வருது?" என்றார். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இப்போதைக்கு எஸ்டிமேட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நான் தாள் இல்லாமல் இன்னொரு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. முனை வளைவு பற்றிய வகுப்பு அருமை: வளைவின் ஆரத்தைக் குறைத்தால் திரும்புகிற வண்டி தானாக வேகம் குறைக்கும், நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் குறையும். வேகத்தடை கேட்டு வருகிற கவுன்சிலர்களிடம் இதை வரைந்து காட்டிப் பலமுறை தப்பித்திருக்கிறேன். பாண்டி பஜாருக்கு அழைத்துப் போனது சுமார். 2019-இல் திறந்த நடைபாதை நன்றாகத்தான் இருக்கிறது, சாயங்காலம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குச் சில வருடம் முன்பே அங்கிருந்த நடைபாதை வியாபாரிகளை வணிக வளாகத்துக்குள் மாற்றிவிட்ட கதையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தரைக்கு அடியில் இருப்பது, அதாவது மின்வாரியக் கேபிள், குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், ஒரு மத்தியானத்தில் ஓடிவிட்டது. தளத்தில் நம்மைக் கவிழ்ப்பது அதுதான். சான்றிதழை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆக, தம்பி, என்னுடைய வேலையை மாற்றிய பயிற்சி இது, சந்தேகமே இல்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் சேராதீர்கள் என்றுதான் சொல்வேன், பாதி விலையாக இருந்தாலும். சேர்ந்தால் அந்தத் தாள் உங்கள் கூடவே வரும். களப்பயிற்சி நாளுக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கினால் பழைய முழு விலையையே கொடுக்கலாம். அப்படியே தாளின் கடவுச்சொல்லையும் கேளுங்கள். கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.