பழைய வண்டி: இஎக்ஸ்5 நல்லதா, வை15 நல்லதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பழைய மோட்டார் சைக்கிள் தேடுபவர் கண்ணில் அடிக்கடி படுபவை இரண்டு: ஹோண்டா இஎக்ஸ்5, யமஹா வை15இசட்ஆர்.

இஎக்ஸ்5 காற்றில் குளிரும் சிறிய எஞ்சின். நான்கு கியர், கைக் கிளட்ச் கிடையாது. கெட்டுப்போக உறுப்புகளே குறைவு. முதுமைதான் அதன் பகை. செம்பனைக் காட்டுச் செம்மண்ணில் பாரம் சுமந்து ஓடிய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் பூசியிருந்தால் மயங்காதீர்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. சங்கிலி ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் சங்கிலியோடு சேர்த்து மாற்றும் செலவு உங்களுடையது.

வை15க்கு 150 சிசி, ஐந்து கியர், தண்ணீரில் குளிரும் எஞ்சின். ஈப்போ நகருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது சுகம். ஆனால் வேகத்துக்காக எஞ்சினைத் திருத்திய வண்டியும் சந்தைக்கு வருகிறது. எஞ்சின் எண்ணெய் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

எதுவானாலும், எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; சூடான எஞ்சின் குறையை மறைக்கும். நான் பார்க்கப் போன வண்டியை விற்பவர் முன்பே சூடேற்றி வைத்திருந்தார். மறுநாள் காலைக் குளிரில் அது, எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப்புகை கக்கியது. எஞ்சின் எண், வண்டிச் சட்டகத்தின் (சேஸிஸ்) எண் இரண்டையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுபவர் கேட்டால், நான் தயங்காமல் இஎக்ஸ்5 என்பேன்.