மழைக்காலத்துல லைனுக்குப் போற பசங்கள எதுல அனுப்ப: பைக்கா, வேனா, ரயிலா?

நம்ம திருநெல்வேலில குளிர்காலம்னா மழைதான், ஐப்பசில புடிச்சா மார்கழி வரைக்கும் விடாது, பொறவு தை வரைக்கும் விடியக்காலம் மூடுபனி. கம்பெனி சரக்க கடைகளுக்குப் போடுற ஏஜென்சி வச்சிருக்க அண்ணாச்சிமார் ஆர்டருக்கும் கலெக்‌ஷனுக்கும் பசங்கள அம்பை (அம்பாசமுத்திரம்), தென்காசி, வள்ளியூர்னு லைனுக்கு, அதாவது ஊர் ஊரா கடை கடையா, அனுப்புதாங்க, ஆனா எதுல அனுப்பணும்னு பாக்கறது பெட்ரோல் கணக்க வச்சு மட்டும்தான்.

அந்தக் கணக்குல பைக்தான் ஜெயிக்கும், சந்துக்குள்ள இருக்க கடை வாசல் வரைக்கும் போயிரும். ஆனா முதல் மழை விழுந்ததும் ரோட்டுல கெடக்க ஆயிலும் தூசியும் சேந்து வழுக்கும், ஹெல்மெட் கண்ணாடி உள்ளுக்குள்ள ஆவி புடிக்குதுன்னு பையன் தூக்கி விட்டுட்டு ஓட்டுவான், மழை ஊசி மாதிரி கண்ணுல அடிக்கும். 125 சிசிக்கு மேல உள்ள வண்டிக்குத்தான் 2019ல ஏபிஎஸ், அதாவது பிரேக் புடிக்கும்போது சக்கரம் பூட்டி வழுக்காம பாத்துக்கிடுறது, கட்டாயம் ஆச்சு, இவங்க வச்சிருக்கது பெரும்பாலும் 100 சிசி. ராத்திரில இன்னும் மோசம், தரை ஈரமா இருக்குன்னு மாடுக ரோட்டு மேல ஏறிப் படுத்துக்கிடும், எதிர்ல வர்ற லைட்ல கறுப்பு மாடு தெரியவே தெரியாது.

வேன்ல தலைக்கு மேல கூரை இருக்கு, அதுதான் தைரியத்தையும் குடுக்குது. தரைப்பாலத்துல முழங்காலுக்குக் கீழ ஓடுற தண்ணியே சின்ன வண்டிய இழுத்துட்டுப் போயிரும், முன்னால பஸ் போயிருச்சேன்னு பின்னாலயே விடக்கூடாது. டயர் பட்டன், அதாவது ரோட்டப் புடிக்கிற மேடு, 1.6 மில்லிமீட்டருக்குக் கொறஞ்சா சட்டப்படியே மாத்தணும், மழைக்கு அந்த அளவு வரைக்கும் விடறதே தப்பு. அதோட காலைல லோடு ஏத்துன ஆளே சாயங்காலம் வரைக்கும் ஓட்டுனா கண்ணு சொக்கும்லா.

ரயில்ல சேரன்மகாதேவி, அம்பை, பாவூர்சத்திரம், தென்காசி எல்லாம் செங்கோட்டை லைன்லயே வந்துருது, ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோ புடிச்சா முடிஞ்சது. சரக்கு கொண்டு போக முடியாது, நேரமும் நம்ம கையில இல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுனப்ப, திருச்செந்தூர் ரயிலே ஸ்ரீவைகுண்டத்துல சுமார் 800 பேரோட நின்னு போச்சேன்னு கேப்பீங்க. நின்னுச்சுல்லா, அதத்தான் சொல்லுதேன், தண்டவாளத்துக்கு அடில ஜல்லி அரிச்சுட்டுப் போன எடத்துல போவாம அங்கேயே நிறுத்திட்டாங்க. பைக்ல போற பையன நிறுத்த யாரு இருக்கா, பையில பாதி கலெக்‌ஷன், போன்ல அண்ணாச்சி.

அதனால என் ஓட்டு, ஆர்டர் எடுக்க அம்பை, தென்காசி பக்கம்னா ரயிலு. வள்ளியூர், நாங்குநேரிக்கு நாலு வழிச்சாலைல பகல்ல மட்டும் வேன், இருட்டிருச்சுன்னா அங்கேயே லாட்ஜ், திரும்பி வர வேண்டாம்னு சொல்லுற உரிமை ஓட்டுறவனுக்குத்தான். லாட்ஜ் பில்லுக்கு மொனங்குறவங்க 1923லயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமா வந்து, 2025 நவம்பர்ல இருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள சேந்துட்ட விதிகள ஒரு தடவ பாத்துக்கிடுங்க, வேலையா போற வழியில அடிபட்டா பொறுப்பு நம்ம தலையிலதான் வரும். பைக்க பாளை, மேலப்பாளையம், டவுன்னு உள்ளூர் கடையோட நிறுத்திக்கலாம், அதுக்கும் ரெயின்கோட்டு பேன்ட்டு சட்டையா இருக்கணும், போர்வை மாதிரி தொங்குறது செயின்ல சிக்கும்.