உறுமும் நாயை அடிப்பதா, கட்டுவதா, பழக்குவதா?

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில், படலைக்குள் நிற்கும் நாய் போவோர் வருவோரைப் பார்த்துச் சீறத் தொடங்கினால், வீட்டுக்காரர் தடியை எடுப்பார், அல்லது சங்கிலியில் கட்டுவார். பொறுமையாகப் பழக்க முயல்பவர்கள் குறைவு. மூன்றும் ஒரே பயனைத் தருவன என்று எண்ணுவது ஆபத்தானது.

எந்த வழியானாலும் முதலில் நாயின் உடல்மொழி தெரிந்திருக்க வேண்டும். கடி முன்னறிவிப்பின்றி வருவது அரிது. பயந்த நாய் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். பிறகு உடல் விறைத்து, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிந்து, பல் வெளிப்பட உதடு உயர்ந்து உறுமும். வாலாட்டுகிறதே என்று நம்பி நெருங்குவதும் பிழை. வாலை உயர்த்தி, விறைப்பாகச் சிறு அசைவில் ஆட்டும் நாய் நட்புக் காட்டவில்லை.

அடிக்கும் வழி உடனே பலிப்பதாகத் தெரியும். அதுவே அதன் கேடு. எங்கள் வீட்டில் முன்பு நின்ற நாய், சோற்றுச் சட்டியருகே யாரும் போனால் உறுமும். ஒவ்வொரு முறையும் அதற்கு அடி விழுந்தது, உறுமல் நின்றது, நாய் திருந்திவிட்டது என்று நம்பினோம். சில மாதங்களின் பின், சட்டியைக் கடந்து கிணற்றடிக்குப் போன தங்கையின் கையை அது சத்தமே இல்லாமல் கவ்வியது. நாங்கள் அடித்து அடக்கியது கோபத்தை அன்று, எச்சரிக்கையை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடத்தை மருத்துவரிடம் வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு 2009 இல் வெளியான ஆய்விலும், அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களில் 43 வீதத்தினர் நாய் மூர்க்கமாக எதிர்வினை காட்டியதாகக் கூறினர்.

கட்டி வைப்பது அடிப்பதைவிட மேல், ஆனால் அது காவலே தவிர மருந்தன்று. பாடசாலைப் பிள்ளைகள் போகும் ஒழுங்கையில், பழக்கி முடியும்வரை நாயைப் பின்வளவில் அடைத்துப் படலையைப் பூட்டுவது கட்டாயம். நாள் முழுதும் படலையோரம் கட்டிவைப்பதோ வேறு விளைவைத் தரும்: பயந்தால் விலகி ஓட இடமில்லாத நாய்க்குச் சண்டையே மிஞ்சும்.

பழக்கும் வழிக்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள் தேவை. சைக்கிளைப் பார்த்துச் சீறும் நாயானால், அதைக் கண்டும் உறுமாமல் நிற்கக்கூடிய தூரத்தில் நிறுத்தி, சைக்கிள் தெரியும்போதெல்லாம் அவித்த இறைச்சித் துண்டு கொடுத்து, சைக்கிள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். நாய் நிதானமாக இருந்தால் மட்டும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். உறுமினால் அடிக்காமல் பின்வாங்க வேண்டும். சட்டியைக் காக்கும் நாய்க்கு, விலகி நின்று அதைவிட நல்லதொன்றை எறிந்துவிட்டு அப்பால் போவதே பாடம். கடித்த வரலாறு உள்ள நாய்க்கு, நாக்கை நீட்டி மூச்சுவாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விடும் கூடை போன்ற வாய்க்கூடு உதவும். எங்கள் சித்திரை வெயிலில் வாயை இறுகக் கட்டுவது உயிருக்கே ஆபத்து.

கருத்தடை செய்தால் சரியாகும் என்பாரும் உண்டு. ஆண் நாய்களின் அலைச்சலையும் பெட்டைக்கான சண்டையையும் அது குறைக்கலாம். பயத்தால் வரும் சீற்றத்தைத் தீர்க்கும் என்று நம்ப முடியாது. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் இன்று தொட்டதும் சீறினால், காதுப் புண்ணோ மூட்டு வலியோ இருக்கலாம். முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

திடீரென இயல்பு மாறி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல், கண்டதையெல்லாம் கடிக்கப் பாயும் நாயிடம் இம்மூன்றில் எதையும் முயலக் கூடாது. அது விசர்நாயாக இருக்கலாம். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடிபட்டவரிடம் விசர்நோயின் அறிகுறி தோன்றிய பின்னர் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாது.