டெபியன் பொதியில் தரவுத்தளம்: சொந்த ஸ்கிரிப்டா, டிபிகான்ஃபிக்-காமனா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சில மளிகைக் கடைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த பில் மென்பொருள், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான பொதியாகவே (நிறுவத் தயாரான கோப்புத் தொகுப்பாகவே) கடைக் கணினிகளுக்குப் போகிறது. அதை நிறுவும்போது தரவுத்தளத்தை உருவாக்கும் பொறுப்பை முதலில், பொதியின் கோப்புகள் வைக்கப்பட்டதும் இயங்கும் போஸ்ட்இன்ஸ்ட் கோப்பில் நானே எழுதிய ஸ்கிரிப்டிடம் விட்டிருந்தேன். இப்போது, பொதிகளின் தரவுத்தள வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் டெபியன் கருவியான டிபிகான்ஃபிக்-காமனிடம் விட்டிருக்கிறேன்.

முதல் நிறுவலில் இரண்டும் ஒன்றுதான். பயனரை உருவாக்கி, கடவுச்சொல் கொடுத்து, அட்டவணைகளை அமைப்பது இருபது வரி வேலை.

வேறுபாடு மேம்படுத்தும்போதுதான் தெரிகிறது. மலேசியாவில் 2018 செப்டம்பர் 1 முதல் பொருள் சேவை வரிக்குப் பதிலாக விற்பனை, சேவை வரி வந்தபோது, பழைய பில்களில் 6 விழுக்காடு அப்படியே நிற்க வேண்டும், புதியவற்றுக்கு வேறு நெடுவரிசைகள் வேண்டும் என்ற நிலையில் அட்டவணைகளையே மாற்ற வேண்டியிருந்தது. இடையில் இரண்டு பதிப்புகளைத் தவறவிட்டிருந்த ஒரு கடையில், என் ஸ்கிரிப்ட் கடைசி மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு வெற்றி என்று அறிவித்தது. பழைய பதிப்பின் எண்ணை, பொதிகளை நிறுவும் நிரலான டிபிகேஜி அந்த ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கத்தான் செய்கிறது. அதைப் படித்து ஒப்பிட வேண்டியவன் நான், படிக்கவில்லை.

டிபிகான்ஃபிக்-காமனில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட தனிக் கோப்பாக வைத்தால் போதும். கடை எந்தப் பதிப்பில் நிற்கிறதோ அதற்குப் பிந்தியவற்றை அதுவே வரிசையாக இயக்குகிறது. அதற்கு முன் தரவுத்தளத்தின் பிரதியொன்றையும் எடுத்து வைக்கிறது. சிறிய வட்டுள்ள கணினிகளில் இந்தப் பிரதிகள் சேர்ந்துவிடும் என்பதால் பழையவற்றை நானே அவ்வப்போது நீக்குகிறேன்.

போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒவ்வொரு கோப்பையும் பிகின் (தொடங்கு), கமிட் (உறுதிசெய்) என்ற இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் எழுதுகிறேன். பாதியில் பிழை வந்தால் அட்டவணை மாற்றமும் சேர்ந்து பின்வாங்கிவிடுகிறது. மரியாடிபி என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளில் அட்டவணையை மாற்றும் கட்டளை தானாகவே கமிட் ஆகிவிடுவதால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, பிரதிதான் துணை. ஆனால் மரியாடிபியை ஒரே கடையில்தான் ஓட்டியிருக்கிறேன். அங்கு இதுவரை பிழை வராததால் மீட்டுப் பார்த்த அனுபவமும் இல்லை.

சொந்த ஸ்கிரிப்ட்டின் பக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும்: அது எதையும் கேட்காது. டிபிகான்ஃபிக்-காமனோ பிழை வந்தால் மறுபடி முயல்வதா, நிறுத்துவதா என்று கேட்கும். கடை மூடிய பிறகு தொலைவிலிருந்து கேள்வியில்லாத முறையில் நான் மேம்படுத்தும்போது பதில் சொல்ல ஆளில்லாமல் பொதி பாதியில் நின்றுவிடலாம். அதனால் மறுநாள் கடை திறக்கும் முன் பாதியில் நின்ற பொதிகளைக் காட்டும் டிபிகேஜியின் ஆடிட் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.